லாரி எஞ்சினில் ஆயில் அழுத்தக் குறைவு: காரணம் அறியும் முறை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்றைய கூட்டத்தில் சங்கத்து லாரியைப் பற்றிய தீர்மானம் ஒன்று வந்திருக்கிறது. எஞ்சின் சூடேறியவுடன் ஆயில் கேஜின் முள் அடியோடு இறங்கிவிடுகிறதென்றும், ஆகையால் எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கப் பணம் அனுமதிக்க வேண்டுமென்றும் கமிட்டியார் கேட்கிறார்கள். அனுமதிப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் அது உங்கள் பொதுப்பணம். நோய் இன்னதென்று அறியாமல் மருந்துக்குப் பணம் கொடுப்பது தகாது. அந்நோயை அறியும் முறையைச் சொல்லவே எழுந்தேன்.

ஆயில் அழுத்தம் என்பது யாது? பம்புதான் அதை உண்டாக்குகிறதென்று பலர் எண்ணுகின்றனர். பம்பு ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவே. தள்ளிய ஆயில் போகும் வழி குறுகலாயிருப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. கிணற்று நீரை வாய்க்காலில் விடுகிறீர்கள். கரை கெட்டியாயிருந்தால் நீர் நிறைந்தோடிக் கடைமடை வரை பாயும். கரையெங்கும் நண்டு வளையாயிருந்தால், மோட்டார் முன்போலவே இறைத்தும், வாய்க்காலில் மட்டம் ஏறாது. கடைமடை வயல் காயும். எஞ்சினில் கிராங்கு தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி உண்டு. அது தேய்ந்து இரு மடங்கானால், அதே அழுத்தத்தில் அதன் வழியே கசியும் ஆயில் ஏறக்குறைய எட்டு மடங்காகும். பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரியில், ஆயில் சூடேறி இளகியதும் முள் இறங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆயினும் "பெரும்பாலும்" என்ற ஒரு சொல்லை நம்பிப் பெருந்தொகையை அனுமதிக்கலாகாது.

நான் கண்ட இரண்டு சங்கங்களின் கதையைக் கேளுங்கள். ஒரு சங்கத்தார் முள் இறங்கியது கண்டு பயந்து, பட்டறையில் விட்டுப் பிஸ்டனும் லைனரும் புதிதாகப் போட்டனர். வண்டி திரும்பி வந்தது. முள் மட்டும் ஏறவில்லை. பிறகு பார்த்தால், எஞ்சினின் பக்கத்தில் திருகியிருந்த சிறிய சென்சார்தான் கெட்டிருந்தது. மற்றொரு சங்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேயிருப்பது தொந்தரவாயிருக்கிறதென்று அதன் கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். ஒருநாள் இரவு, நெல் மூட்டைகளுடன் நடுவழியில் பேரிங் உருகிக் கிராங்கு தண்டு இறுகி நின்றது. முன்னவர்கள் முள்ளை அளவுக்கு மீறி நம்பினர். பின்னவர்கள் அதைச் சிறிதும் நம்பவில்லை. இருவருமே அளந்து பார்க்கவில்லை.

அளக்கும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. செலவில்லாத பரீட்சை முதலிலும், செலவுள்ளது கடைசியிலும் வரவேண்டும்.

முதலாவது, ஆயில் மட்டம். லாரியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். மட்டம் மிகவும் தாழ்ந்திருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். மேட்டிலும் வளைவிலும் முள் துள்ளும். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். டீசலோ தண்ணீரோ கலந்திருக்கக்கூடும். டீசல் கலந்த ஆயில் நீர்த்து டீசல் வாடை வீசும். தண்ணீர் கலந்தது மோர்போல் வெளுத்திருக்கும். அக்கலப்பை நிறுத்தாமல் புது ஆயில் ஊற்றுவது வீண்.

இரண்டாவது, முள்ளையே சோதித்தல். சென்சாரைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் குழாயோடு கூடிய தனிக் கேஜ் ஒன்றைத் திருகி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு அளவு பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு 1000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. எனினும் அந்தந்த எஞ்சினின் கைப்புஸ்தகம் சொல்லும் அளவே பிரமாணம். தனிக் கேஜ் சரியான அளவைக் காட்டினால் குற்றம் சென்சாரிலோ கம்பியிலோதான். அத்துடன் காரியம் முடிந்தது.

மூன்றாவது, ஆயிலும் பில்டரும். கைப்புஸ்தகம் சொல்லும் ரக ஆயிலையும் புது பில்டரையும் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். கழற்றிய பில்டரை எறிந்துவிடாமல், வெட்டி அதன் காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் தூள் மிகுதியாயிருந்தால் தேய்மானம் உள்ளே நடக்கிறது. செம்பு நிறம் தெரிந்தால், பேரிங்கின் மேற்பூச்சு போய் அடியிலுள்ள செம்புக் கலப்பு தேய்கிறதென்று சந்தேகிக்கலாம். அத்தூள் காந்தத்தில் ஒட்டாது. இரும்புத் தூள் ஒட்டும்.

நான்காவது, ரிலீப் வால்வு. மிஞ்சிய ஆயிலைத் திருப்பி விடும் இச்சிறு வால்வில் அழுக்குச் சிக்கினாலும், வில் தளர்ந்தாலும், அது திறந்தே கிடந்து அழுத்தத்தைக் கெடுக்கும். பல எஞ்சின்களில் இதை வெளியிலிருந்தே கழற்றிச் சுத்தம் செய்யலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அழுத்தம் குறைவாயிருந்தால்தான் சம்பை இறக்க வேண்டும். அங்கே ஆயில் உறிஞ்சும் சல்லடை அடைத்திருக்கிறதா, பம்பின் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, பிறகு பேரிங் மூடிகளைக் கழற்றி இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு நூலை நடுவே வைத்து இறுக்கிக் கழற்றினால், அது நசுங்கிய அகலமே இடைவெளியைச் சொல்லும். தண்டு வட்டம் மாறாமலிருந்தால் புது பேரிங் போதும். கோணலாகவோ கீறலாகவோ இருந்தால், 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். கேம் தண்டின் புஷ்களையும் அளக்கத் தவறலாகாது.

இன்னும் இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். கட்டியான ஆயிலை ஊற்றினால் முள் ஏறும். தேய்ந்த பேரிங் வளராது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த ஆயில் கடைமடைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். வண்டியை விற்பவனுக்கு இவ்வுபாயம் உதவும். வைத்து ஓட்டுகிறவனுக்கு உதவாது. மற்றொன்று: நீலப்புகையும் ஆயில் குடிப்பதும் பெரும்பாலும் பிஸ்டன் வளையங்களைச் சேர்ந்த குற்றம்; அழுத்தக் குறைவு பேரிங்கையும் பம்பையும் சேர்ந்த குற்றம். பிஸ்டனும் லைனரும் மாற்றுவதால் மட்டும் அழுத்தம் ஏறாது. பட்டறைக்காரர் மதிப்பீட்டுச் சீட்டு நீட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஓட்டும்போது விளக்கு எரிந்தாலோ, முள் பூஜ்யத்துக்கு விழுந்தாலோ, எஞ்சினுக்குள் தட்டுச் சத்தம் கேட்டாலோ, டிரைவர் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்ற எண்ணத்தால் பேரிங்கோடு போகவேண்டிய செலவு கிராங்கு தண்டு வரை ஏறுகிறது. அவ்வாறு நிறுத்திய டிரைவரைச் சரக்குத் தாமதமானதற்காகக் கமிட்டியார் கடிந்துகொள்ளலாகாது. கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் நிறுத்தமாட்டார்.

ஆகையால் கமிட்டியாரின் தீர்மானத்தை நிராகரிக்க வேண்டாம், திருத்துங்கள். முதற்கண் கேஜ் பரீட்சைக்கும் ஆயில், பில்டருக்கும் மட்டும் பணம் அனுமதியுங்கள். பரீட்சை முடியும் வரை லாரி பாரம் ஏற்றாதிருக்கட்டும். சூட்டிலும் குளிர்ச்சியிலும், மெதுவான ஓட்டத்திலும் வேகத்திலும் கண்ட அளவுகளைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசிக்கச் செய்யுங்கள். அந்த அளவுகள் பேரிங்கைக் காட்டினால், பெருந்தொகையைத் தயங்காமல் அனுமதியுங்கள். அது வீண் செலவாகாது. காட்டாவிடில் அப்பணம் அறுவடைக் காலத்தில் உங்கள் பெட்டியிலேயே இருக்கும்.