காற்று இனாம், காற்றாடி இனாம் இல்லை

(பட்டிமன்றத் தலைப்பு: பூமியின் சூட்டைத் தணிக்கப் பெரிதும் துணை நிற்பது சிக்கனமா? முதலீடா? ‘முதலீடே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)



எதிரணித் தலைவர் அம்மையார் அருமையாகப் பேசினார்கள். விளக்கை அணையுங்கள், விசிறியை நிறுத்துங்கள், பக்கத்துத் தெருவுக்கு நடந்து போங்கள் என்றார்கள். ஐயா, இந்தப் பாடத்தை எனக்கு யாரும் நடத்த வேண்டியதில்லை. என் வீட்டில் நான் நாற்காலியை விட்டு எழுந்தால் விசிறி நின்றுவிடும். நேற்று நான் எழுந்திருக்கவே இல்லை. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தேன். அதற்குள் நின்றுவிட்டது! “என்னம்மா இது?” என்றேன். “ஆள் தெரியலைங்க, போயிட்டீங்கன்னு நினைச்சேன்” என்கிறார் வீட்டம்மா. (சிரிப்பு)

ஆகவே சிக்கனத்துக்கு நான் விரோதி இல்லை. அது நல்ல குணம். ஆனால் கேள்வி அதுவா? பூமியின் சூட்டைத் தணிக்க எது *பெரிதும்* துணை நிற்கும் என்பதல்லவா தலைப்பு?

சூடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம். நீராவி எந்திரங்கள் உலகெங்கும் பரவுவதற்கு முன்னால், காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 2024-ஆம் ஆண்டுதான் கணக்கெடுக்கத் தொடங்கிய நாள் முதலாக மிகச் சூடான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே மழையை வைத்தார். அந்த மழையே இன்று முறை மாறி வருகிறது.

எதிரணித் தம்பி, “ஆளுக்கு ஒரு விளக்கைக் குறைத்தால் போதும்” என்றார். தம்பி, ஒரே ஒரு விளக்கு எரிகிற குடிசையில் போய் எதைக் குறைக்கச் சொல்வாய்? குளிர்சாதன அறையில் இருப்பவனுக்குச் சிக்கனம் ஓர் ஒழுக்கம். வெயிலில் வேகிற ஓட்டு வீட்டுக்காரிக்கு இப்போதுதான் ஒரு மின்விசிறியே வந்திருக்கிறது. அவளிடம் போய், “உலகம் சூடாகிறதம்மா, விசிறியை நிறுத்து” என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு மின்சாரம் வேண்டும், புகையில்லாத மின்சாரம் வேண்டும். அதை யாராவது பணம் போட்டுச் செய்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். சிக்கனமே முதலீட்டின் பிள்ளைதான், நடுவர் ஐயா. எல்.இ.டி. பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பின் விலை 310 ரூபாய். ‘வாங்குங்கள், மிச்சமாகும்’ என்று எவ்வளவு சொன்னாலும் எந்த ஏழை வாங்குவான்? 2015-இல் உஜாலா திட்டம் வந்தது. கோடிக்கணக்கில் பல்பு வாங்கப் பணம் ஒதுக்கினார்கள். 2016-இல் அதே பல்பின் கொள்முதல் விலை 38 ரூபாய். நாடு முழுக்க 36 கோடிக்கு மேல் பல்பு போய்ச் சேர்ந்தது. இது உபதேசத்தால் நடந்ததா? பணத்தால் நடந்ததா? (கைதட்டல்)

இப்போது என் கட்சியின் மையத்துக்கு வருகிறேன்.

புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் என்ற பெண்பாற் புலவர் கரிகாலனைப் பாடுகிறார். காற்றை வேலை வாங்கிக் கடலில் கலம் செலுத்தியவனின் வழிவந்தவனே என்ற பொருளில் அவனை அழைக்கிறார். காற்றை வேலை வாங்குவது தமிழனுக்குப் புதிதில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். கடலில் வீசிய காற்று இனாம். கப்பல் இனாமா? மரம், பாய், கயிறு, தச்சன் கூலி எல்லாவற்றுக்கும் கரையிலேயே பணத்தை எண்ணி வைத்த பிறகுதான் கப்பல் காற்றைக் கண்டது.

நாகர்கோவில் போகிற பேருந்தில் ஆரல்வாய்மொழி தாண்டும்போது சன்னல் பக்கம் பாருங்கள். முப்பந்தலில் இசக்கியம்மன் கோயிலைச் சுற்றி மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகள். அந்த ஊர்க்காரர்கள் ‘காத்தாடி’ என்பார்கள். மலை இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் நுழைந்தால் செப்டம்பர் வரைக்கும் ஆளைத் தள்ளும். 2022 ஜூலையில் ஒரே நாளில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் 12 கோடி யூனிட் மின்சாரம் தந்தன. ஒரு யூனிட்டை நிலக்கரியில் எடுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். அப்படியானால் அந்த ஒரு நாளில் மட்டும் 1 லட்சம் டன்னுக்கு மேல் மிச்சம்! என் வீட்டம்மா எத்தனை ஜென்மம் விசிறியை நிறுத்தினால் இந்தக் கணக்கு வரும்? (சிரிப்பு, கைதட்டல்)

அனல்மின் நிலையத்துக்கும் காற்றாலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அனல்மின் நிலையம் மளிகைக் கடையில் கணக்கு வைத்துச் சாப்பிடுகிற குடும்பம் மாதிரி. தினமும் நிலக்கரி வாங்க வேண்டும், தினமும் காசு கொடுக்க வேண்டும். காற்றாலை அப்படியில்லை. இருபத்தைந்து வருஷச் சாப்பாட்டுக்கும் முதல் நாளே பணம் கட்டச் சொல்கிற மெஸ்! அதன் பிறகு எரிபொருள் செலவு கிடையாது. அந்த முதல் நாள் பணத்துக்குத்தான் திண்டாட்டம்.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு பேச்சுக்கு, 1 மெகாவாட் காற்றாலைக்கு 7 கோடி ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காற்று வீசும் இடத்தில் ஆண்டுக்கு 25 லட்சம் யூனிட் கிடைக்கிறது. வட்டி 10 விழுக்காடு என்றால் முதல் ஆண்டு வட்டி 70 லட்சம். யூனிட்டுக்கு 2 ரூபாய் 80 காசு வட்டிக்கே போகிறது. அதே கடன் 5 விழுக்காட்டுக்குக் கிடைத்தால்? 1 ரூபாய் 40 காசுதான். காற்று அதே காற்று, இயந்திரம் அதே இயந்திரம். வட்டியைக் குறைத்தால் மின்சாரத்தின் விலை குறைகிறது. கரிக்கு நிலக்கரி எரிபொருள் என்றால், காற்றுக்கு வட்டிதான் எரிபொருள்!

இது நடந்த கதை. 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் அரசு சோதனைக்காகக் காற்றாலைகளை நிறுத்தியது. பிறகு கயத்தாறு, முப்பந்தல். காற்று உண்டு என்று அரசுப் பணம் நிரூபித்தது. அதைப் பார்த்துத் தனியார் வந்தார்கள். நூற்பாலைக்காரர்களும் வந்தார்கள். பூமித்தாய்க்குப் புண்ணியம் செய்யவா வந்தார்கள்? போட்ட பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றது அன்றைய வரிச் சட்டம். அதனால் வந்தார்கள். சிலர் வரிக்காகவே நட்டுவிட்டு, அது சுற்றுகிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அதைத் திருத்தத்தான் 2009-இல், நட்டதற்கு அல்ல, தருகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை என்று கொண்டுவந்தார்கள்.

2012 மார்ச்சோடு இந்தச் சலுகைகள் நின்றன. என்ன ஆயிற்று? 2011-12-இல் நாடு முழுக்க ஏறத்தாழ 3,200 மெகாவாட் காற்றாலை எழுந்தது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 1,700. அந்த ஆண்டு காற்று வீசவில்லையா? நன்றாக வீசியது. மக்கள் சிக்கனத்தை மறந்தார்களா? இல்லை. பணம் நின்றது, காத்தாடியும் நின்றது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா, நடுவர் அவர்களே? (பலத்த கைதட்டல்)

சூரிய மின்சாரத்துக்கு வாருங்கள். 2010-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு வைத்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. பணக்காரன் வீட்டுப் பொம்மை என்று எல்லாரும் சிரித்தார்கள். 2017-இல் ராஜஸ்தான் பத்லாவில் ஏலம் 2 ரூபாய் 44 காசுக்குப் போனது. சூரியன் விலையைக் குறைத்தானா? ஜெர்மனி 2000-இல் சட்டம் போட்டுக் கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. சீனா தொழிற்சாலைகளில் பணத்தைக் கொட்டியது. ஒருவன் போட்ட முதலில் இன்னொருவன் வீட்டில் விளக்கு எரிகிறது.

“பொழுது சாய்ந்தால் சூரியன் இல்லை, ஐப்பசியில் காற்று இல்லை, அப்போது என்ன செய்வாய்?” என்று அம்மையார் மடக்கினார்கள். நியாயமான கேள்வி. ஆனைமலைப் பக்கம் காடம்பாறைக்குப் போங்கள். மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றுகிறார்கள். தட்டுப்படுகிற நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். மலையைக் குடைந்து அமைத்த 400 மெகாவாட் நிலையம். 1980-களிலேயே நம் ஆட்கள் கட்டியது. அரிசியைக் குதிரில் சேமித்த இனத்துக்கு மின்சாரத்தைச் சேமிக்கத் தெரியாதா? குதிர் செய்யக் காசு வேண்டும், அவ்வளவுதான்.

யார் காசு? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நூற்றைம்பது வருஷம் புகையை ஊதியவர்கள் 2009-இல் கோபன்ஹேகனில் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். 2020 முதல் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றார்கள். அவர்கள் கணக்குப்படியே அது நிறைவேறியது 2022-இல். அதிலும் பெரும்பகுதி கடன். 2024-இல் பாகு நகரில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்றார்கள். இது போதாது என்று நம் நாட்டுப் பிரதிநிதி அந்த அரங்கிலேயே எழுந்து மறுத்தார். வீட்டைக் கொளுத்தியவன், எரிந்த வீட்டுக்காரனுக்கு வட்டிக்குத் தண்ணீர் தருகிறான்! இதைச் சிக்கனத்தால் சரிசெய்ய முடியுமா? முதலைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

முதலீடு என்றால் முதலாளிக்கு மட்டும் என்று எதிரணி நினைக்கிறது. கர்நாடகத்தில் பாவகடா என்று வறண்ட வட்டாரம். 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா அமைத்தார்கள். நிலத்தைப் பிடுங்கவில்லை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை என்று தொடங்கினார்கள். மழை பொய்த்தாலும் விவசாயிக்கு வருமானம் பொய்க்காது. ஆனால் நிலமில்லாத கூலிக்காரனுக்கு அங்கே குத்தகை இல்லை. களை எடுக்கிற வேலையும் போயிற்று. அவனையும் கணக்கில் சேருங்கள் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு. அதற்காக முதலீடே வேண்டாம் என்பது, சோற்றில் கல் கிடக்கிறது என்று உலையைக் கவிழ்ப்பது.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷ மழை ஒரு பொழுதில் கொட்டியது. ஒரு மழைக்கு ஒரு காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைச் சுமக்கும் என்பது அறிவியல். அந்த வெள்ளத்தில் தூத்துக்குடிச் சீமையில் உப்பளம் கரைந்தது, வாழை சாய்ந்தது, வீடுகள் இடிந்தன. நிவாரணத்துக்குப் பணம் கொடுத்தோமா இல்லையா? கொடுத்தோம். செலவு நம்மை விடப்போவதில்லை, நடுவர் அவர்களே. முன்னால் போட்டால் அதன் பெயர் முதல். பின்னால் போட்டால் அதன் பெயர் நிவாரணம். உப்பளத்தில் நிற்கிற அந்தத் தாய் எதைக் கேட்பாள்? (கைதட்டல்)

“காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்றார்கள் நம் பெரியவர்கள். தூற்றுவதற்கு முறம் வேண்டாமா? அந்த முறத்தை வாங்குவதுதான் முதலீடு. அதற்கும் காலம் உண்டு. காற்று நமக்காகக் காத்திருக்காது.

ஆகவே, பூமியின் சூட்டைத் தணிக்கப் பெரிதும் துணை நிற்பது தூய மின்சாரத்தில் போடுகிற முதலீடே, முதலீடே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.