அந்தக் கொட்டு யாருடைய கொட்டு?

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், கலை இரவு குறித்த தீர்மானத்தின் மீது கலைக்குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை.)

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, கைக்குழந்தைகளோடு பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே!

பொங்கல் விழாவின் மூன்றாம் நாள் இரவு நடக்கும் கலை நிகழ்ச்சியைப் பற்றி ஒரு தீர்மானம் உங்கள் முன் இருக்கிறது. தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாத பைலா முதலிய காப்பிரி ஆட்டங்களுக்கு இனி நமது மேடையில் இடமில்லை என்பது அதன் சாரம். கலைக்குழுவில் இருக்கும் நாங்கள் நால்வர் இதை எதிர்க்கிறோம். காரணம் சொல்லத் தலைவர் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். மணியடிப்பதற்குள் முடித்துவிடப் பார்க்கிறோம்.

தீர்மானம் கொண்டுவந்த பெரியவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. சென்ற ஆண்டு நடந்ததை நாங்களும் மறக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் சில பையன்கள் குடித்துவிட்டு மேடை ஏறினார்கள். பெண்கள் எழுந்து போனார்கள். அது தவறு, பொறுப்பு எங்களுடையது. ஆனால் குடித்தவன் செய்த குற்றத்துக்குக் கொட்டு என்ன செய்யும்? குடித்துவிட்டு வருகிறவன் வில்லுப்பாட்டு நடந்தாலும் மேடை ஏறத்தான் செய்வான்.

எங்களை உறுத்தியது தீர்மானத்தில் இருக்கும் ஒரு சொல். காப்பிரி. அரபு மொழியில் தம் மார்க்கத்தை ஏற்காதவரைக் குறித்த சொல் அது. கடல் வணிகத்தோடு போர்த்துக்கீசியர் வாய்க்குப் போய், ஆப்பிரிக்க மனிதனுக்குப் பெயராகி, தமிழிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது. தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல்லால் கருப்பின மக்களைத் திட்டியதற்காக 2018-இல் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்குச் சிறைத் தண்டனையே விதிக்கப்பட்டது. இலங்கையில் அந்த மக்களே தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்கள் சொல்வது வேறு, நாம் சொல்வது வேறு. நம் வீடுகளில் சுருட்டை முடியோடு கொஞ்சம் கருப்பாக ஒரு பெண் பிள்ளை பிறந்துவிட்டால் சொந்த அத்தையே அந்தப் பெயரை வைத்துக் கூப்பிடுவதை நாம் கேட்டதில்லையா? வெயிலில் ஜல்லி சுமந்து கருத்த நமக்கு இந்தக் கருப்பு இளப்பம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும்.

சரி, பைலா யாருடையது? அதற்கு இலங்கைக்குப் போக வேண்டும். நம்மில் பல குடும்பங்களுக்கு அது புதிய ஊர் அல்ல.

1505-இல் போர்த்துக்கீசியன் இலங்கைக் கரையில் இறங்கினான். அவன் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஆட்களைப் பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். சிலரை அடிமையாக, சிலரைப் படையாளாக. அவனை விரட்டி வந்த ஒல்லாந்தனும் அதே ஆட்களைக் கொண்டு கொழும்பில் கோட்டை வேலை செய்தான். பகலெல்லாம் கோட்டைக்குள் வேலை. இருட்டினால் ஏரிக்கு அப்பால் கொண்டுபோய் அடைப்பு. தப்பி நீந்தக் கூடாதென்று ஏரியில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். தமிழர் கொம்பனித் தெரு என்று சொல்லும் அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்றே பெயர் நிலைத்தது. பிறகு வெள்ளைக்காரன் வந்தான். அவனும் தன் படைப்பிரிவுகளுக்கு ஆப்பிரிக்கர்களைச் சேர்த்தான். அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844-இல்தான்.

அடைப்புக்குள் போன மனிதன் இரவில் என்ன செய்வான்? பாடினான். எஜமானனிடம் கற்ற போர்த்துக்கீசியச் சொற்களை உடைத்துத் தன் தாளத்தில் போட்டான். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடி என்ற ஊரில் அந்த வம்சத்தார் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டுக்கு மஞ்ஞா என்று பெயர். ஒரு ரபானா, இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு கண்ணாடி போத்தல், அதைத் தட்ட ஒரு கரண்டி: இவ்வளவுதான் வாத்தியம். இரண்டு மூன்று அடிகளையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். மெல்லத் தொடங்கும், போகப் போக வேகம் ஏறும், கடைசியில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் கால் நிற்காது. இன்றைய பிள்ளைகள் சிங்களம் பேசுகிறார்கள். பழைய மொழி பெரும்பாலும் பாட்டில்தான் மிச்சமிருக்கிறது. மொழி போன பிறகும் பாட்டு நிற்கிறது என்றால், அதைப் பண்பாடு இல்லாத ஆட்டம் என்று எந்த நாவால் சொல்வது?

இந்தத் தாளம் போர்த்துக்கீசிய வழிவந்த பறங்கியரோடு கலந்து கபிரிஞ்ஞா ஆயிற்று. மட்டக்களப்பில் தமிழ் பேசும் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் வயலினும் ரபானாவும் வைத்து அதை ஆடுவார்கள். பைலா என்ற சொல்லே போர்த்துக்கீசிய மொழியில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். போலீஸ் வேலையில் இருந்த வாலி பஸ்டியன் என்பவர் சென்ற நூற்றாண்டின் நடுவில் அதைச் சிங்களத்தில் ஊரெல்லாம் பாடும் பாட்டாக்கினார். அப்புறம் 1970-களில் தமிழ் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். துள்ளிசை, பொப்பிசை என்று பெயர். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ தெரியாதவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கை தூக்கலாம். யாரும் தூக்கவில்லை. நல்லது. ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ பாக் நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்து, 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையிலும் ஒலித்தது. சிலோன் மனோகர் என்று பெயர் பெற்று அவர் சினிமாவில் வில்லனாகவும் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

அவர் இறந்தபோது வந்த செய்திகளை நாங்கள் தேடித் தேடிப் படித்தோம். எந்தெந்தப் படத்தில் நடித்தார், யாரோடு நடித்தார், எத்தனை நாடு சுற்றினார் என்றெல்லாம் இருந்தது. அந்தப் பாட்டின் தாளம் எந்தக் கப்பலில் வந்தது என்று நாங்கள் படித்த ஒன்றிலும் ஒரு வரி இல்லை. அந்தக் கலைஞரை நாங்கள் குறை சொல்லவில்லை. ஏழைகள் வீட்டுக் கல்யாணங்களில் அவர் குரல் ஒலித்தது, அது போதும். நட்சத்திரத்தின் காரும் காதலும் விவாகரத்தும் பக்கம் பக்கமாக அச்சேறும்போது பாட்டைப் பெற்றவர்களுக்கு ஒரு வரி கூடக் கிடையாது என்பதுதான் குறை. நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் நள்ளிரவுவரை பார்ப்பதும் இதே சரக்குத்தானே!

கல்கத்தாவிலும் இந்தக் கதைதான். நாம் கப்பலில் போய்வரும் ஊர் என்பதால் சொல்கிறோம். அங்கே கிராண்ட் ஓட்டலில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரவுதோறும் பியானோ வாசித்தவர் டெடி வெதர்ஃபோர்டு என்ற கருப்பு அமெரிக்கர். ஜாஸ் இசையில் பெரிய கை. சிக்காகோவில் தொடங்கி, ஷாங்காய் வழியாக வந்தவர். அவர் வாசிப்புக்கு வெள்ளைச் சிப்பாய்கள் ஆடினார்கள். 1945-இல் அதே கல்கத்தாவில் காலராவில் இறந்தார். கூலிக்காரனைக் கொன்ற நோய் அவரையும் கொன்றது. இங்கேயும் அப்படி ஒரு இரவு இருந்தது. ரோஸ் தீவில் வெள்ளை அதிகாரிகளுக்கு நடனக் கூடம். எதிர்க்கரையில் செல்லுலார் சிறை. இடையில் கொஞ்சம் கடல்தான்.

இப்போது நம்மிடம் வருவோம். நம் சங்கத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். இன்று வரவில்லை, மூட்டுவலி. பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில் பிறந்தவர். 1964 ஒப்பந்தத்தில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளட்டும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளட்டும் என்று பங்கு போட்டார்களே, அந்தப் பங்கில் வந்தவர். மண்டபத்தில் இறங்கிய குடும்பம் அரசு அனுப்பிய வழியில் நிக்கோபாரில் கச்சால் தீவுக்கு வந்து ரப்பர் பால் வெட்டியது. 2004 சுனாமி கச்சாலைக் கழுவிக்கொண்டு போனபின் இங்கே மகள் வீட்டுக்கு வந்தார்.

தீர்மானத்தைப் பற்றி அவரிடம் சொன்னோம். அவர் கேட்டது இதுதான்: “தோட்டத்துல நாங்க தப்பு அடிச்சப்போ டவுன் ஆளுங்க எங்களை என்ன சொன்னாங்க தெரியுமா தம்பி? கள்ளத்தோணின்னு சொன்னாங்க. அந்தப் பறையன் கொட்டை நிறுத்துன்னு சொன்னாங்க. சொன்னவங்கள்ல தமிழாளுங்களும் இருந்தாங்க.” அதற்குமேல் அவர் பேசவில்லை. எங்களுக்கும் பேச வாய் வரவில்லை.

நம் பாட்டன்மார் ஆள்கட்டும் கங்காணியின் பின்னால் மன்னாரிலிருந்து கண்டி மலைவரை நடந்தார்கள். கையெழுத்துப் போடாத கடனுக்கு உழைத்தார்கள். ஆப்பிரிக்கனைச் சங்கிலியில் கட்டி விற்றார்கள். நம்மைத் துண்டுக் கடனில் கட்டினார்கள். இரண்டும் ஒன்றென்று நாங்கள் சொல்லவில்லை. அவன் பட்டது அதிகம். ஆனால் அவன் கொட்டாங்கச்சியும் நம் தப்பும் ஒரே இரவு நேரத்து ஓசைகள்தான்.

கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கம் காப்பிரி முத்தப்பன் என்று ஒரு தெய்வம் உண்டு. 1663-இல் ஒல்லாந்தன் கொச்சியைப் பிடித்தபோது, ஓடிப்போன போர்த்துக்கீசியர் புதைத்த செல்வத்துக்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று சேர்த்துப் புதைத்ததாக அங்கே நம்பிக்கை. அந்த ஆவிக்கு மக்கள் சுருட்டும் கள்ளும் மீனும் வைக்கிறார்கள். நம்ம ஊர்ச் சுடலைக்கு வைப்பது போலத்தான். குஜராத்தில் கிர் காட்டுப் பக்கம் ஜம்பூரில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஆப்பிரிக்க வம்சம். மயிலிறகு கட்டி, தேங்காயை மேலே வீசித் தலையில் உடைத்து தமால் ஆடுவார்கள். சிங்கம் பார்க்க வரும் பயணிகள் அதையும் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்த ஊர்க்காரரான ஹீர்பாய் லோபி தம் இனத்துப் பெண்களுக்கு உழைத்ததற்காக 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆட்டத்தைக் காசுக்கு ஆடுவது பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆடுகிறவர் விரும்பி, தாமே விலை சொல்லி ஆடினால் அது தொழில் என்பது எங்களில் மூவர் கருத்து. அதற்கு நேர் எதிரானது நம் தீவிலேயே நடந்தது. ஜிர்காடாங் சாவடியிலிருந்து வண்டிகள் வரிசையாகப் போகும் சாலையில், சாப்பாட்டைக் காட்டி ஜாரவா பெண்களை ஆடச் சொன்ன படக் காட்சியை 2012 ஜனவரியில் லண்டன் பத்திரிகை ஒன்று வெளியிட, உலகமே நம் தீவைப் பார்த்துக் காறித் துப்பியது. ஜாரவாக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அல்லர். எந்தக் கப்பலும் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் இருப்பவர்கள். நாம்தான் வந்தவர்கள். ஆனாலும் நம் பிள்ளைகள் அவர்களுக்கும் அதே காப்பிரிப் பெயரை வைத்துச் சிரிப்பதைப் பேருந்தில் கேட்டிருக்கிறோம். ஒரு சொல் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது பாருங்கள்!

தலைவர் மணியைத் தொடுகிறார். திருத்தத்தைப் படித்துவிட்டு இறங்குகிறோம்.

தீர்மானத்தில் “காப்பிரி ஆட்டங்கள்” என்ற சொற்களை நீக்க வேண்டும். கலை இரவு பத்தரை மணிக்கு முடிய வேண்டும். குடித்தவர் யாராயினும், செயற்குழு உறுப்பினராயினும், வாசலிலேயே நிறுத்தப்பட வேண்டும். பைலாப் பாட்டுத் தொடங்குமுன் அது யாரிடமிருந்து வந்தது என்று ஐந்து நிமிடம் மேடையில் சொல்ல வேண்டும். சொல்லும் பொறுப்பை எங்களில் ஒருவர் ஏற்கிறோம். முதல் நிகழ்ச்சியாகத் தப்பு வைக்க வேண்டும். தப்புக்குக் கச்சால் குடும்பத்துப் பையன்கள் ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பாட்டியை அழைத்துவர ஒரு ஆட்டோவுக்குச் சங்கம் பணம் ஒதுக்க வேண்டும்.

தலைவர் அவர்களே, திருத்தத்தை வாக்கெடுப்புக்கு விடுங்கள். பின்வரிசையில் நிற்கும் தாய்மார்களின் கைகளையும் சேர்த்து எண்ணும்படி கேட்டுக்கொள்கிறோம். சென்ற முறை அவற்றை யாரும் எண்ணவில்லை.