செய்தி மடலும் படக் காப்பும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் செய்தி மடலின் படங்களைப் பற்றிச் சில சொல்லுமாறு செயற்குழுவினர் பணித்துள்ளனர். மடற்குழுவினராகிய நாங்கள் ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதுவோர்; இத்துறையில் பயின்றவர்கள் அல்லோம். பட்ட அடியே படிப்பாயிற்று.

சென்ற ஆண்டு கோலப் போட்டியைத் தொடங்கி வைத்த மூதாட்டியாரைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் மறைந்தபோது அஞ்சலிப் பக்கத்திற்குப் படம் தேடினோம். சங்கத்துப் படங்கள் யாவும் ஒரே ஹார்டு டிஸ்கில் இருந்தன. அதுவோ எங்கள் கை தவறி விழுந்து ஊமையாகிவிட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த கூட்டப் படம் ஒன்றே எஞ்சியது. அதன் ஓரத்தில் நின்ற அவர் முகத்தை வெட்டியெடுத்தால் அகலத்தில் நூறு புள்ளிகூடத் தேறவில்லை. அச்சில் அம்முகம் புகை படிந்த சுவர் போலத் தோன்றிற்று. அவர் மகனார் எங்களை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எங்களைச் சுட்டது.

படம் திருத்தப் பெருந்தொகை வேண்டும் என அஞ்சியிருந்தோம். வேண்டியதில்லை. அமெரிக்காவில் பெர்க்லியில் பயின்ற ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்னும் மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய 'ஜிம்ப்' மென்பொருள் இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. நிழல் படிந்த முகத்திற்கு ஒளியூட்டவும், வேண்டாத ஓரத்தை வெட்டவும் அது போதும். ஆயினும் இல்லாத புள்ளியை அது எங்கிருந்து கொணரும்? செயற்கை நுண்ணறிவு ஒரு முகத்தைப் புனைந்து தரும். அது அவர் முகம் ஆகாது.

நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது கணக்கு. மூன்றங்குல அகலமும் நான்கங்குல உயரமும் உள்ள படத்திற்கு 900க்கு 1,200. ஆக 10,80,000 புள்ளிகள். மேலும், ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுணுக்கம் தேயும். ஆதலின் நகலிலேயே கை வைத்தல் வேண்டும். ரசீதின் அடிக்கட்டையில் எவரேனும் எழுதி அழிப்பாரோ?

கூகுள் கணக்கொன்றில் 15 ஜிபி இலவசம். மின்னஞ்சலுக்கும் அதிலேயே பங்கு. படங்களுக்கு அளவற்ற இடம் தந்த வழக்கம் 2021 ஜூன் முதல் நின்றுவிட்டது. ஆகவே மடலில் அச்சேறியவற்றை மட்டும் அங்கு வைக்கிறோம். மூலப்படங்கள் இனி இரண்டு டிஸ்குகளில் இருக்கும். ஒன்று சங்க அறை அலமாரியில், மற்றொன்று பொருளாளர் இல்லத்தில்.

படம் அனுப்புவோர் வாட்ஸ்அப்பில் 'டாகுமென்ட்' வழியே அனுப்புக, சுருங்காது வரும். அம்மூதாட்டியாரின் படம் எவர் வீட்டு ஆல்பத்திலேனும் இருப்பின் எங்களிடம் தாருங்கள். ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருவோம். அடுத்த மடலில் அப்பக்கத்தை மீண்டும் அச்சிட இடம் ஒதுக்கி வைத்துள்ளோம்.