பீட்டர் ஆலிஸ்: ஆடியவரா, பேசியவரா?

விளையாட்டையும் ஒலிபரப்பையும் சேர்த்து வைத்துப் பேசும் இந்தக் கருத்தரங்குக்கு என்னைத் தலைமையேற்க அழைத்தவர்களுக்கு நன்றி. தலைமையுரையில் எல்லா அமர்வுகளின் பொருளையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. ஒரு மனிதரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரை வைத்து ஒரு கேள்வியைக் கேட்கப் போகிறேன்.

2020 டிசம்பர் 5 அன்று பீட்டர் ஆலிஸ் தமது 89ஆம் வயதில் காலமானார். 'கோல்ஃபின் குரல்' என்று சொல்லித்தான் பிரிட்டன் அவரை வழியனுப்பியது. 1961இல் பிபிசியில் பேசத் தொடங்கியவர், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, அந்த ஆண்டு நவம்பருக்குத் தள்ளிப்போன மாஸ்டர்ஸ் போட்டிக்கும் வீட்டில் இருந்தபடியே வர்ணனை செய்தார். ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஒலித்த குரல் அது. அவர் ஆடினார் என்பதே இன்றைய ரசிகர்களில் பலருக்குப் புதுச் செய்தி.

ஆனால் எப்படி ஆடினார் என்று பாருங்கள். தந்தை பெர்சி ஆலிஸ் பெர்லினில் வான்சே கோல்ஃப் கிளப்பின் தொழில்முறை ஆட்டக்காரர். அங்கேதான் 1931இல் பீட்டர் பிறந்தார். பிரிட்டனும் (பின்னாளில் ஐரோப்பாவும்) அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பையில் தந்தையும் ஆடியவர், மகனும் ஆடியவர். 1953 முதல் 1969 வரை மகன் மட்டும் 8 முறை அந்தக் கோப்பைக்காக இறங்கினார். 1958இல் இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் ஆகிய 3 நாடுகளின் ஓப்பன் பட்டங்களையும் அடுத்தடுத்த வாரங்களில் வென்றார். பிரிட்டிஷ் பிஜிஏ சாம்பியன் பட்டம் 3 முறை. 1963இல் அட்லாண்டாவில் அர்னால்ட் பால்மரைத் தனியாட்டத்தில் தோற்கடித்தார். அப்போது உலகமே பால்மரின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் ஏன் நினைவில் தங்கவில்லை? கோல்ஃபில் பெருமையை அளக்கும் படி ஒன்றுதான்: 4 பெரும் போட்டிகள். ஆலிஸ் அவற்றில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. அவற்றுள் ஒன்றான பிரிட்டிஷ் ஓப்பனில் அவர் எட்டிய மிக உயர்ந்த இடம் 8. அவர் வென்ற ஆட்டங்களை மைதானத்தில் நின்று பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர். அவர்களிலும் இன்று இருப்பவர்கள் சிலரே. அவர் பேசியதைக் கேட்டவர்களோ பல தலைமுறையினர். எனவே பதில் தெளிவாகத்தான் இருக்கிறது: பேசியதற்காகவே நினைக்கப்படுகிறார். இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வதைத்தான் நான் ஏற்கவில்லை. ஆட்டத்தை ஒரு பக்கமும் குரலை ஒரு பக்கமும் பிரித்து வைத்தால் அந்தக் குரலே நமக்குப் புரியாமல் போய்விடும்.

1961ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பர்க்டேலில் நடந்த ஓப்பனில் அவர் முதன்முதலாக வர்ணனையாளராக உட்கார்ந்தார். அதே போட்டியில் ஆடவும் செய்தார். 8ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆக, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கவில்லை. பல ஆண்டுகள் இரண்டு தொழிலும் ஒரே உடம்பில் ஓடின. வர்ணனையை அவருடைய இரண்டாம் வாழ்க்கை என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கோல்ஃப் ஒளிபரப்பின் தன்மையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓர் ஆட்டக்காரர் ஒரு சுற்றில் சுமார் 70 அடி அடிப்பார். ஒவ்வோர் அடியும் நொடிப்பொழுதில் முடிந்துவிடும். சுற்று முடிய 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மீதி நேரமெல்லாம் நடை, காற்றைப் பார்ப்பது, குனிந்து புல்லின் சரிவைப் பார்ப்பது, முந்தைய அடியை மறக்கப் போராடுவது. திரையில் ஒரு மனிதன் சும்மா நிற்பதுதான் தெரியும். அந்த நிற்றலுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதுதான் வர்ணனை. பந்து எங்கே விழுந்தது என்பதை எவரும் சொல்லலாம். அடுத்த பந்தை அடிக்க வேண்டியவனின் வயிற்றுக்குள் என்ன புரள்கிறது என்பதைச் சொல்ல, அங்கே நின்றிருக்க வேண்டும்.

ஆலிஸ் நின்றிருந்தார். 1953, வென்ட்வொர்த், ரைடர் கோப்பையின் கடைசி நாள். எதிரில் ஜிம் டர்னேசா. ஆலிஸுக்கு வயது 22. கடைசிக் குழியில் டர்னேசா தடுமாறினார். வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. குழியைச் சுற்றிய கிரீனுக்குப் பக்கத்தில் இருந்து மெல்ல எழுப்பிப் போட வேண்டிய பந்தை ஆலிஸ் சொதப்பினார். பிறகு, குழந்தைகூடத் தட்டிவிடும் என்று தோன்றும் தூரத்தில் இருந்து குழியைத் தவறவிட்டார். ஒரு குழி வித்தியாசத்தில் தோல்வி. அணி 6½-5½ என்று கோப்பையை இழந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் அது. பின்னாளில், பந்தைக் குழிக்குள் தட்டும் பட்டிங்கின்போது அவருடைய கை அவர் பேச்சைக் கேட்க மறுத்தது. குழிக்கு அருகில் நிற்பதே வேதனையாயிற்று.

இப்போது 1999க்கு வாருங்கள். கார்னூஸ்டியில் ஓப்பனின் கடைசிக் குழி. பிரெஞ்சுக்காரர் ழான் வான் டி வெல்ட் 3 அடி முன்னிலையில் இருக்கிறார். 6 அடியில் முடித்தாலும் பட்டம் அவருக்குத்தான். இரண்டாவது அடி பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி நெடும்புல்லில் விழுகிறது. மூன்றாவது அடி பேரி ஓடையில். அவர் காலணியைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறார். ஒலிவாங்கியில் ஆலிஸ் பதறுகிறார். யாராவது போய் அந்த மனிதரைத் தடுத்து, ஒரு பெரிய கிளாஸ் பிராந்தி கொடுங்கள் என்கிறார். 7 அடியில் முடித்த வான் டி வெல்ட், மும்முனை முடிவாட்டத்தில் பால் லாரியிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார்.

அந்த வர்ணனை கடுமையானது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதில் வேறொன்றைக் கேட்கிறேன். கடைசிக் குழியில் கைக்கு வந்ததை நழுவவிட்டவன், அதே பள்ளத்தை நோக்கி நடக்கும் இன்னொருவனைப் பார்த்துக் கத்துகிறான். வென்ட்வொர்த்தின் மதிப்பெண் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் கார்னூஸ்டியின் ஒலிப்பதிவைக் கேட்டால் பாதிதான் காதில் விழும்.

இது ஆலிஸுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கென் வென்ச்சூரி சிறுவயதில் கடுமையாகத் திக்கியவர். 1964 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாளில், வாஷிங்டனை ஒட்டிய காங்கிரஷனல் மைதானத்தின் கொடும் வெயிலில் 36 குழிகள் ஆடினார். பாதியில் மருத்துவர் எச்சரித்தும் கேளாமல், உப்பு மாத்திரையோடு நடந்து வென்றார். பிறகு கை நோய் ஆட்டத்தை நிறுத்தியது; சிபிஎஸ் தொலைக்காட்சியில் 35 ஆண்டுகள் பேசினார். ஜானி மில்லர் 1973இல் ஓக்மான்டில் கடைசிச் சுற்றை 63 அடியில் முடித்து யு.எஸ். ஓப்பனை வென்றவர். 1990 முதல் 2019 வரை என்பிசியில், பதற்றத்தில் ஆட்டக்காரர் கை நடுங்கினால் அதைப் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிடுவார். சக ஆட்டக்காரர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். 63 அடித்த மனிதரின் அளவுகோல் அப்படித்தான் இருக்கும். வென்ச்சூரியின் பரிவும் மில்லரின் கண்டிப்பும் மைதானத்தில் இருந்து வந்தவை.

உலக கோல்ஃப் புகழ் மண்டபம் மில்லரை 1998இல் ஆட்டக்காரராகச் சேர்த்தது. ஆலிஸை 2012இலும் வென்ச்சூரியை 2013இலும் வாழ்நாள் சாதனைப் பிரிவில் சேர்த்தது. யு.எஸ். ஓப்பனை வென்ற வென்ச்சூரிக்கே இந்த வகைப்பாடு! ஆட்டக்காரராக இருந்து வர்ணனையாளரான ஜூடி ராங்கினின் கதை இன்னும் நுட்பமானது. பெண்கள் தொழில்முறை கோல்ஃபான எல்பிஜிஏவில் 26 வெற்றிகள். பெரும் போட்டி ஒன்றுகூட இல்லை என்பது ஏட்டுக் கணக்கு. 1976இல் அவர் வென்ற டைனா ஷோர் போட்டிக்கு 1983இல்தான் பெரும் போட்டி என்ற தகுதி கிடைத்தது என்பதே காரணம். அவரைச் சிறந்த வர்ணனையாளர் என்று மட்டும் அறிந்தவர்கள் இதையும் அறிய வேண்டும். எதை நினைவில் வைப்பது என்பதை ரசிகர் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஏடு எழுதுகிறவர்களும் தீர்மானிக்கிறார்கள்.

குரலாக நிலைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. மதிப்பெண் அட்டை ஆட்டக்காரரின் கருத்துகளைப் பதிவதில்லை; ஒலிப்பதிவு எல்லாவற்றையும் பதிந்துவிடும். பெண்களைப் பற்றி ஆலிஸ் சொன்ன சில வார்த்தைகள் கடைசிக் காலத்தில் கண்டனத்துக்கு உள்ளாயின. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆராதிக்கும் ஆய்வு இதை மறைக்கும். நேர்மையான ஆய்வு மறைக்கக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டேவ் தாமஸோடு சேர்ந்து அவர் வடிவமைத்த பெல்ஃப்ரியின் பிராபஸான் மைதானத்தில் 4 ரைடர் கோப்பைகள் நடந்திருக்கின்றன. 1985இல் ஐரோப்பா, 28 ஆண்டுக்கால அமெரிக்கப் பிடியை அங்கேதான் உடைத்தது. 1957க்குப் பிறகு அவருடைய அணிக்குக் கிட்டாத கோப்பையை, அவர் வரைந்த தரையில் அடுத்த தலைமுறை வென்றது. ஆடியவரா பேசியவரா என்ற கேள்விக்குள் இந்த மனிதர் அடங்கவே மாட்டார்.

கட்டுரையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இந்த இரண்டு நாளும் நீங்கள் எந்த வர்ணனையாளரைப் பற்றிப் பேசினாலும், அவர் ஆடிய காலத்தின் ஆட்ட விவரங்களை முதலில் அவை முன் வையுங்கள். எந்தப் போட்டி, எந்த எதிராளி, எந்த இடத்தில் கை நழுவியது என்று சொல்லுங்கள். அதன் பிறகு ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். விவாதம் அங்கிருந்து தொடங்கட்டும். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.