அடம் என்று சொன்னவர்களுக்கு

வாயைத் திறக்கும் முன்பே ‘பத்து நிமிடம்’ என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது. வரட்டும். நானும் ஒரு சீட்டாட்டம்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

பிலிப் செலாசோ என்ற உளவியல் அறிஞரும் கூட்டாளிகளும் 1990களில் குழந்தைகளுக்கு ஓர் ஆட்டம் வைத்தார்கள். இரண்டு தட்டு. ஒன்றில் நீல முயல் படம், இன்னொன்றில் சிவப்புப் படகு. பிள்ளை கையில் சிவப்பு முயல். “நிறம் பார்த்துப் போடு கண்ணு” என்றால் படகுத் தட்டில் போடும். சரி. “இனி நிறம் வேண்டாம், உருவம் பார்த்துப் போடு” என்றால்? மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் மறுபடி படகுத் தட்டிலேயே போடும்! முயல் எங்கே போகணும் என்று கேளுங்கள், சரியான தட்டைக் கை காட்டும். காட்டிவிட்டுப் பழைய தட்டிலேயே போடும். தெரியாமல் இல்லை, தெரிந்ததைச் செய்ய முடியவில்லை. அதே பிள்ளை ஐந்து வயதில் சட்டென்று மாற்றிப் போடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதி முதிர முதிர வருகிற திறமை அது. அந்த முதிர்ச்சி இருபது வயது தாண்டியும் நடக்கிறது.

சிலருக்கு எழுபதிலும் நடக்கவில்லை என்பது வேறு விஷயம்!

சிரிக்கிறீர்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. போன மாதம் இதே மைதானத்தில், இதே மைக்கைப் பிடித்து ஒரு பெருமகன் முழங்கினாராம்: ஆட்டிசமாவது ஒன்றாவது, தாய் கொஞ்சி வளர்க்காத குறை என்று. ஐயா, அந்தப் பழியை அமெரிக்காவில் பெர்னார்ட் ரிம்லண்ட், அவரே ஆட்டிசப் பிள்ளையைப் பெற்ற தகப்பன், 1964-லேயே புத்தகம் போட்டு உடைத்தாயிற்று! ஆட்டம் மாறி அறுபது வருஷம். நீங்கள் இன்னும் படகுத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவர் வீடு பக்கத்துத் தெருதான்.

எங்கே விட்டேன்? ஆட்டிசப் பிள்ளைகள். 1943-இல் லியோ கான்னர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற தவிப்பை அன்றே குறித்தார். ஆனால் வேடிக்கை பாருங்கள், இந்தச் சீட்டாட்டம் போன்ற சோதனைகளில் ஆட்டிசப் பிள்ளைகள் பலர் நன்றாகவே தேறிவிடுகிறார்கள். தெருவில்தான் தவிக்கிறார்கள். ஏன்? மேசையில் “ஆட்டம் மாறுகிறது” என்று ஒருவர் சொல்கிறார். தெருவில் எவர் சொல்கிறார்?

எங்கள் ஊரில் ஒரு தாய் சொல்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன். நாளைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டுவாள். தேர் வருகிறது, பஸ் வேறு வழியில் போகும் என்றால், முந்தின நாளே மகனைக் கூட்டிக்கொண்டு அந்த வழியில் நடப்பாள். மறுநாள் பையன் அலறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தான். எந்தப் பல்கலைக்கழகமும் அவளுக்குப் பட்டம் கொடுக்கவில்லை!

அந்தப் பிள்ளையைத்தான் ஒரு பள்ளி “அடம் பிடிக்கிறான், வேறு இடம் பாருங்கள்” என்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து இருபத்தோரு வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அக்கம்பக்கப் பள்ளியில் இலவசக் கல்வி, அது வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் உரிமை என்கிறது. யார் வீட்டுத் தர்மமும் அல்ல!

முன்வரிசையில் தலைமையாசிரியர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். அந்தத் தாயும் இந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ இருக்கிறாள். திங்கட்கிழமை அவள் யார் பள்ளிக்கு வரட்டும்? எழுந்து சொல்லுங்கள், மைக் தருகிறேன்.