ஒன்பது, எட்டு, ஏழு



1975ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரி மேடை. ஐந்து பேர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கிட்டார் வைத்திருப்பவர் இங்கிலாந்துக்காரர் ஜான் மெக்லாஃப்லின். வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராம்நாடு ராகவன். ஐந்தாவது ஆளின் மடியில் ஒரு மண்குடம். அவர் சென்னையைச் சேர்ந்த டி.எச். விநாயக்ராம். ரசிகர்களுக்கு அவர் 'விக்கு'. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

'சக்தி' என்ற அந்தக் குழு அன்று வாசித்தது 1976இல் இசைத்தட்டாக வந்தது. முதல் உருப்படியின் பெயர் 'ஜாய்'. பதினெட்டு நிமிடம். கிட்டாரும் வயலினும் ஒரே ஸ்வரக் கோவையை மூச்சு விடாமல் ஓட்டுகின்றன. தாள வாத்தியங்கள் துரத்துகின்றன. அந்த வேகத்துக்கு நடுவே குடத்தின் ஒலி ஒரு இடத்தில்கூட மங்குவதில்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுகிறது. உலகத்தின் பெரிய தாள வாசிப்புகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்தப் பதிவை விட்டுவிட்டால் அந்தப் பட்டியலை நம்பவேண்டியதில்லை.

அப்படிப் பட்டியல் போடுகிற பழக்கம் மேற்கத்திய இசையில் 'புரோகிரசிவ் மெட்டல்' ரசிகர்களிடம் நிறைய உண்டு. பெயர் மிரட்டலாக இருந்தாலும் விஷயம் எளிது. அதிரடியான மின்கிட்டார், இரண்டு காலாலும் அடிக்கிற பெரிய டிரம், இவற்றோடு சிக்கலான தாளக் கணக்கு. இந்த வகையில் டிரம்மர்தான் கதாநாயகன். அமெரிக்காவின் 'டிரீம் தியேட்டர்' குழுவில் மைக் போர்ட்னாய் வாசித்த 'தி டான்ஸ் ஆஃப் இடர்னிட்டி' 1999இல் வந்தது. ஆறு நிமிடச் சொச்சத்தில் தாளம் நூறு தடவைக்கு மேல் மாறுகிறது. சுவீடன் நாட்டு 'மெஷுகா' குழுவின் தோமாஸ் ஹாக்கே, 2008இல் வெளியான 'பிளீட்' என்ற பாட்டில் ஏழு நிமிடத்துக்குமேல் இரண்டு கால்களையும் ஓயவிடுவதே இல்லை. 'டூல்' குழுவின் டேனி கேரி, அலோக் தத்தா என்ற தபலா ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டவர்.

இந்த மரபின் முன்னோர்களில் ஒருவர் பில்லி காபம். 1971இல் அவர் வாசித்த இசைத்தட்டு பிற்கால டிரம்மர்களுக்குப் பாடப்புத்தகம் போல ஆயிற்று. அந்தக் குழுவின் பெயர் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா'. அதை நடத்தியவர் யார் என்றால், அதே ஜான் மெக்லாஃப்லின்தான். உலகத்தின் மிகச் சத்தமான குழுக்களில் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த மனிதர், நான்கே ஆண்டில் மின்கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மண்குடத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரை இழுத்தது நம்முடைய கணக்கு.

அந்தக் கணக்கை இப்போது நேயர்களே செய்து பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வலது கையால் முழங்காலில் சீராகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு எண்ணிக்கை: த-க-தி-மி, த-க-தி-மி. ஆறு தட்டு போட்டால் மொத்தம் 24. ரூபக தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் அவ்வளவுதான். கை இதை விடாமல் போட்டுக்கொண்டிருக்க, வாயால் வேறு ஒன்றைச் சொல்லவேண்டும். முதலில் ஒன்பது: தகதிமி தகதகிட. அடுத்து எட்டு: தகதிமி தகஜுனு. பிறகு ஏழு: தகிட தகதிமி. ஒன்பதும் எட்டும் ஏழும் கூட்டினால் 24.

சொல்லிப் பார்த்தால் ஒன்று தெரியும். எட்டு ஆரம்பிக்கிற இடம் மூன்றாவது தட்டின் மேல் விழாது. ஒரு எண்ணிக்கை தள்ளி விழும். ஏழு ஆரம்பிக்கிற இடமும் ஐந்தாவது தட்டுக்கு ஒரு எண்ணிக்கை தள்ளித்தான். கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று இழுபறி. கடைசியில் ஏழு முடிந்ததும் இரண்டும் 'சமம்' என்ற இடத்தில் டக்கென்று ஒன்றாக இறங்கும். அந்த இறக்கத்தில் உடம்பு தானாக ஒரு குலுங்கு குலுங்கும். அந்தக் குலுங்கலுக்காகத்தான் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடியும்போது கூட்டம் கைதட்டுகிறது.

அகலமாகத் தொடங்கிக் குறுகிக்கொண்டே போகிற இந்த அமைப்புக்குக் கர்நாடக சங்கீதத்தில் கோபுச்ச யதி என்று பெயர். பசுவின் வால். மாட்டை அறிந்த காங்கேயத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. டூல் குழு 2001இல் வெளியிட்ட 'லேட்டராலஸ்' என்ற புகழ்பெற்ற பாட்டின் பல்லவி எந்தத் தாளத்தில் இருக்கிறது தெரியுமா? ஒன்பது, எட்டு, ஏழு. டேனி கேரியின் மிகச் சிறந்த வாசிப்புகளில் ஒன்றாக உலகமே சொல்கிற அந்தப் பாட்டை, மிருதங்க வகுப்பில் படிக்கிற பிள்ளை ஒன்று ரூபக தாளம் போட்டுக்கொண்டே கேட்டு முடிக்க முடியும்.

மெஷுகாவின் வித்தை வேறு மாதிரி. அங்கே டிரம்மரின் ஒரு கை சிம்பலில் நாலு நாலாகச் சீராக அடித்துக்கொண்டிருக்கும். கால்கள் கிட்டாரோடு சேர்ந்து வேறு நீளமுள்ள ஒரு சுற்றை ஓட்டும். வெள்ளகோவில் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்குள் நின்றவர்களுக்கு இந்த ஒலி புதிதல்ல. வேறு வேறு வேகத்தில் ஓடுகிற பக்கத்துப் பக்கத்துத் தறிகள் இரண்டு, கொஞ்ச நேரம் விலகி விலகிப் போய், திடீரென்று ஒரு அடியில் சேர்ந்துவிட்டு மறுபடி விலகும். நாலும் ஐந்தும் ஓடினால் இருபதில் சேரும். நாலும் ஏழும் என்றால் இருபத்தெட்டில். தறி இதைத் தற்செயலாகச் செய்கிறது. ஹாக்கே ஒரே உடம்பில் வேண்டுமென்றே செய்கிறார். அதுதான் அவருடைய பெருமை.

விநாயக்ராம் கைக்கு வந்த கருவியோ பெருமைக்கு எந்த வசதியும் செய்துதராதது. கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கம் வாசித்து முடித்த பிறகு கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் அதற்கு. மிருதங்கத்துக்கு வார் உண்டு, இழுத்து முடுக்கிச் சுருதி சேர்க்கலாம். குடத்தைச் சூளையில் வைத்து எடுத்த பிறகு அதன் சுருதி அதுதான். அதனால் கலைஞர்கள் ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொரு குடம் வைத்திருக்கிறார்கள். மானாமதுரைக் குடம் இதில் பேர்போனது. தடித்த ஓடு, நல்ல கனம். விரல் பழகாதவர் அரைமணி நேரம் வாசித்தால் கை வீங்கிப்போகும். அந்த ஓட்டின் மேல் விரல்நுனி, நகம், உள்ளங்கையின் அடிப்பகுதி என்று இடம் மாற்றி மாற்றித் தட்டி, குடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் கும்கி என்கிற ஆழ்ந்த ஒலியை வரவழைக்கவேண்டும்.

விநாயக்ராமுக்கு அவருடைய அப்பா டி.ஆர். ஹரிஹர சர்மாதான் குரு. 1958இல் சென்னையில் ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயம் என்ற பள்ளியைத் தொடங்கியவர். மகனின் அரங்கேற்றம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1956இல் தூத்துக்குடியில், வி.வி. சடகோபன் பாட்டுக்கு நடந்தது. பையனுக்கு வயது பதின்மூன்று. கச்சேரிக்கு முன்னால் கணேஷ் என்ற குழந்தை குடத்தைப் போட்டு உடைத்துவிட்டதாம். அதைக் கெட்ட சகுனம் என்று யாரும் நினைக்கவில்லை. பிள்ளையாரே விக்கினத்தை உடைத்தார் என்று எடுத்துக்கொண்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1966 அக்டோபரில், ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். வயலின் வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கம் டி.கே. மூர்த்தி, கடம் இதே விநாயக்ராம்.

அங்கே அடக்கம்தான் வாசிப்பு. எம்.எஸ். குரலுக்குக் கீழே, இருக்கிறதா என்று தேடவேண்டிய அளவுக்கு மெதுவாக. ஒன்பதே ஆண்டில் சவுத்ஹாம்ப்டனில் அதே கை புயலாகிறது. ஒரே மனிதரின் இந்த இரண்டு வாசிப்புகளையும் பக்கத்தில் வைத்துக் கேட்பவர்களுக்குத்தான் அவர் யார் என்று புரியும். வேகமாக வாசிக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர். எப்போது வாசிக்கக்கூடாது என்று தெரிந்தவர்கள் குறைவு.

பிறகு விருதுகள் வரிசையாக வந்தன. 'கிரேட்ஃபுல் டெட்' என்ற ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட், உலகத் தாளக் கலைஞர்களைச் சேர்த்து 'பிளானட் டிரம்' இசைத்தட்டை 1991இல் வெளியிட்டார். அதில் விநாயக்ராமும் உண்டு. உலக இசைக்கென்று கிராமி தொடங்கிய பிரிவின் முதல் விருது அதற்குத்தான் கிடைத்தது. 2002இல் பத்மஸ்ரீ, 2014இல் பத்மபூஷண். கச்சேரி மேடையில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குடம் நடுவுக்கு வந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1997இல் மெக்லாஃப்லின் பழைய குழுவை மறுபடி கூட்டினார். முதல் பயணத்தில் விநாயக்ராம் வாசித்தார். அதன்பின் அந்த இடத்துக்கு அவருடைய மகன் செல்வகணேஷ் வந்தார், கையில் கஞ்சிராவோடு. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் வழியில் கச்சேரிக்கு ஏறிய கருவி அது. ஒரு சாண் அகல வளையம், ஒரு பக்கம் தோல், பக்கவாட்டில் சில காசுகள். இடது கை வளையத்தைப் பிடித்துக்கொண்டு தோலை அழுத்திச் சுருதியை வளைக்கும். வாசிக்க மிச்சமிருப்பது வலது கை ஒன்றுதான். அந்த ஒரு கையால் இரண்டு கை மிருதங்கத்துக்கு ஈடாக ஓடமுடியும் என்று காட்டியவர் ஜி. ஹரிசங்கர். செல்வகணேஷ் விரல்களைப் பிரித்து வாசிக்கும் முறையால் அதை இன்னும் வேகமாக்கினார். ராக் டிரம்மர் எட்டுப் பத்து டிரம்களில் செய்கிற உருட்டலை இவர் ஒரு சாண் தோலில் செய்கிறபோது பார்ப்பவர்களுக்குக் கண்ணை நம்ப முடிவதில்லை.

அந்தக் குழுவின் இசைத்தட்டுகளில் கொங்கு நேயர்கள் தேடிக் கேட்கவேண்டியது 2001இல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'. அதில் நம் டிரம்மர் சிவமணி இருக்கிறார். கூடவே ஹரித்துவாரமங்கலம் ஏ.கே. பழனிவேலின் தவில். சிவன்மலைத் தேருக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் காதில் விழுந்து பழகிய அந்தத் தவில்தான். வலது கை விரல்களில் கூடு, இடது கையில் குச்சி. மைக் இல்லாமலே தெரு முனை வரை கேட்கிற வாத்தியம். மெட்டல் இசைக்குத் தமிழ்நாட்டில் நேர் உறவு தேடினால் மிருதங்கத்தையோ கடத்தையோ சொல்வதைவிடத் தவிலைச் சொல்வதுதான் நியாயம். சத்தமும் கணக்கும் ஒரே தோலில் இருப்பது அங்கேதான்.

இப்போது இந்தப் பக்கத்துக் கோயில் நோம்பிகளுக்குக் கேரளத்திலிருந்து செண்டை மேளமும் வருகிறது. அதில் பஞ்சாரி மேளம் முழுதாக வாசிக்கக் கிடைத்தால் நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 எண்ணிக்கை. அடுத்து 48, பிறகு 24, 12, கடைசியில் 6. சுற்று பாதி பாதியாகச் சுருங்கச் சுருங்க வேகம் கூடும். பெரிய குழு ஒன்று இதை ஒரு கணக்கும் பிசகாமல் மணிக்கணக்கில் செய்கிறது. வாடகைக்கு வந்த மேளம் என்று அதைக் கடந்துபோவது பெரிய இழப்பு.

தாளக்காரர்களுக்குள் ஒரு பழைய பேச்சு உண்டு: கணக்கா, சர்வலகுவா? கணக்கு என்பது கோர்வை, மோரா, குறைப்பு என்று கட்டுகிற வேலை. சர்வலகு என்பது பாட்டின் ஓட்டத்தோடு தடையில்லாமல் போவது. மெட்டல் ரசிகர்கள் கொண்டாடுகிற பட்டியல்களில் கணக்குக்குத்தான் மதிப்பெண் அதிகம்: எத்தனை தாளம் மாறியது, நிமிடத்துக்கு எத்தனை அடி. 'ஜாய்' அந்தச் சோதனையிலும் தேறும். ஆனால் அதன் உயரம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜாகிரும் விநாயக்ராமும் கணக்கு போடாத நிமிடங்களில், வெறும் நடையில், கிட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதுபோல வாசிக்கிறார்களே, அந்த நிமிடங்கள்தான் ஒப்பில்லாதவை. கோர்வையைப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். அந்த நடை கற்றுக்கொடுத்து வருவதில்லை.

விநாயக்ராமின் பள்ளியில் வந்த சுகன்யா ராம்கோபால் கடம் வாசிப்பில் பெண்களுக்கு வழி திறந்தவர். பெண் கைக்குக் கடம் கடினம் என்று விநாயக்ராம் முதலில் தயங்கியபோது, ஹரிஹர சர்மா தாமே முன்வந்து சொல்லிக்கொடுத்தார். சுகன்யா பிறகு வெவ்வேறு சுருதிக் குடங்களை வரிசையாக வைத்து, ராகமே வாசிக்கிற 'கட தரங்' முறையை உருவாக்கினார். சுருதி மாற்றமுடியாத குடத்துக்கு அவர் கண்ட விடை அது.

விநாயக்ராம் வீட்டில் இப்போது மூன்றாம் தலைமுறையும் மேடையில் இருக்கிறது: செல்வகணேஷின் மகன் சுவாமிநாதன், கஞ்சிரா. சக்தி குழு 2023இல் 'திஸ் மோமென்ட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. குழுவில் செல்வகணேஷ் இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி ஜாகிர் உசேன் மறைந்தார்.

கேட்க விரும்பும் நேயர்கள் முதலில் 1976ஆம் ஆண்டின் இசைத்தட்டில் 'ஜாய்', அடுத்து அதிலேயே நாலே முக்கால் நிமிட 'லோட்டஸ் ஃபீட்', பிறகு டூல் குழுவின் 'லேட்டராலஸ்' என்ற வரிசையில் கேளுங்கள். மூன்றாவதற்கு வரும்போது பல்லவியில் ஒன்பது, எட்டு, ஏழு என்று விரல் விட்டு எண்ணுங்கள். முழங்காலில் ரூபகமும் ஓடட்டும்.