குப்பைமேட்டில் முதலாளி யார்?

தோழர்களே, சேரிப் பிள்ளைகள் படிக்க வேண்டுமென்று சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். இன்று அந்தச் சிதம்பரத்திலும் கடலூரிலும் கோணிப்பையோடு குப்பை கிளறும் பிள்ளையை நாம் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். ஊர்க்குப்பை சேரிப்பக்கம் வருவது பழைய கதை. இப்போது பிள்ளையும் அதன் பின்னால் போகிறான்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்தவரைத் தண்டிக்கும். குப்பைமேட்டில் முதலாளி யார்? பழைய இரும்புக் கடைக்காரர் எடைபோட்டுக் காசு தருகிறார், அவ்வளவுதான். சட்டத்தின் கையில் யாரும் அகப்படுவதில்லை.

குப்பை பொறுக்குவோரைப் பதிவுசெய்து பணியமைப்பில் சேர்க்கச் சொன்னவை 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள். தாய்க்கு அந்தப் பதிவும் நிலையான கூலியும் இல்லாதபோது, 'பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு' என்று அவளிடம் சொல்ல நமக்கு வாயில்லை. கடலூர் மாநகராட்சியிலும் சிதம்பரம் நகராட்சியிலும் நாம் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான்.